தாடைக்குள் வைத்த பஞ்சு

என் அக்காவின் கீழ்வாயில் முன்பல் இரண்டு விழுந்தபோது எனக்கு அது பெரிதாகப் படவில்லை. எனக்கே கடைவாய்ப் பற்கள் நான்கு போயிருந்தன. அவை பக்கோடா தின்பதைத் தவிர வேறு எந்தப் பொறுப்பும் வகித்ததில்லை என்பதால், அவை போனதை யாரும் கவனிக்கக்கூட இல்லை. அக்காவின் நிலைமை வேறு. அவள் பல்லால் பிழைப்பவள்.

பழவேற்காடு ஏரியில் வலை இல்லாமல் கையால் இறால் தடவுகிற குடும்பம் எங்களுடையது. கழுத்தளவு தண்ணீரில் மண்டியிட்டபடியே நகர வேண்டும். இரண்டு கைகளும் சேற்றுக்குள் இருக்கும். விரலில் இறால் பட்டதும் அமுக்கி எடுத்து, மோவாய்க்குக் கீழே தொங்கும் பறிக்குள் போட வேண்டும். பறி என்பது பனையோலையில் முடைந்த பை. அதன் விளிம்பைக் கவ்விப் பிடித்திருப்பது முன்பல். கழுத்தில் கட்டினால் பறி மிதந்து கவிழ்ந்துவிடும். இடுப்பில் கட்டினால், கை அங்கே போய்ச் சேர்வதற்குள் இறால் துள்ளி ஓடிவிடும். நைனா, அதாவது எங்கள் அப்பா, அப்படித்தான் பிடித்தார். அக்காவும் அப்படித்தான். நான் மீஞ்சூரில் ஒரு தொழிற்சாலையில் குமாஸ்தா ஆனேன். வீட்டில் அதை முன்னேற்றம் என்று சொல்லிக்கொண்டோம்.

அக்காவுக்குப் பல் போனதோடு நிற்கவில்லை. வேரடியில் சீழ் கட்டி எலும்பையும் தின்றிருந்தது. பக்கத்துப் பற்களும் ஆட ஆரம்பித்தன. பறியை ஓரப் பல்லுக்கு மாற்றிப் பார்த்தாள், கழுத்து பிடித்துக்கொண்டது.

"இதுவும் பூடுச்சின்னா, கரையில குந்திக்கினு எல்லாரும் ஏரியில எறங்கறத வேடிக்க பாக்க வேண்டிதான்" என்றாள்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். மாமா, அதாவது அவள் புருஷன், இறந்த மறு வாரமே ஏரியில் இறங்கியவள் அவள். கரையில் உட்கார வைத்தால் எவ்வளவு நாள் தாங்குவாள் என்று எனக்கு உள்ளூரப் பயமாக இருந்தது.

நகரத்தில் ஒரு பல் மருத்துவக் கல்லூரிக்கு அழைத்துப் போனேன். அங்கே ஓர் இளம் பெண் டாக்டர் தாடையை எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்துவிட்டு, எலும்பு இல்லாத இடத்தில் பல் கட்ட முடியாது, முதலில் எலும்பை வளர்க்க வேண்டும் என்றார். அதற்காக அவர்கள் சோதித்துவரும் பொருளைக் காட்டினார். இட்லித் துணுக்கு மாதிரி வெள்ளையாக ஒரு பஞ்சு. தாவரத்திலிருந்து எடுத்த பாலிமர்.

திரும்பும் ரயிலில், எனக்குப் புரிந்ததை அக்காவுக்கு விளக்கினேன். பாதி புரிந்தவனுக்குத்தான் விளக்குவதில் உற்சாகம் அதிகம். பாலிமர் என்பது நீளமான சங்கிலி. அதில் ஆங்காங்கே கால்சியத்தைப் பிடித்து உட்கார வைக்கும் இடங்கள் உண்டு. கால்சியம் உட்கார்ந்தால் பின்னாலேயே பாஸ்பேட் வரும். இரண்டும் சேர்ந்து, சங்கிலி போகிற போக்கிலேயே பொடிப்பொடிப் படிகங்களாக வரிசை கட்டும். எலும்பில் இருக்கிற தாதுவும் அதே ஜாதிதான். சங்கிலி வழிகாட்டாவிட்டால் அது கண்ட இடத்தில் கட்டி தட்டிப்போகும். வரிசை அமைந்த பிறகு உடம்பு அதைத் தன் எலும்பாக்கிக்கொள்ளும். பஞ்சு மெல்லக் கரைந்துவிடும்.

"ஏரியில கழி நட்டா ஆளிச் சிப்பி வந்து ஒட்டிக்குதே, அந்த மாதிரின்னு வச்சிக்கோயேன்" என்றேன்.

"அப்ப என் வாயில ஆளி மொளைக்கப் போவுதுன்னு சொல்லு. புட்டு செய்யலாமாடா?"

எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள் சிரித்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பஞ்சை வைத்துத் தைத்தார்கள். "பஞ்சு அசையக் கூடாதும்மா. நான் சொல்ற வரைக்கும் முன்பல்லால கடினமா எதையும் கடிக்காதீங்க" என்றார் டாக்டர். முறுக்கு, கரும்பு, கறித்துண்டு என்று விலக்க வேண்டியதையெல்லாம் சொன்னார். அக்கா அத்தனையும் விலக்கினாள். கேழ்வரகுக் கூழிலேயே காலம் தள்ளினாள். பேரன் பிறந்தநாளுக்கு வந்த கேக்கைக்கூட ஊறவைத்துத் தின்றாள். அந்தக் கட்டுப்பாட்டைப் பார்த்து நானே வெட்கப்பட்டு ஒரு வாரம் பக்கோடாவை நிறுத்தினேன்.

அடுத்த படம் எடுத்தபோது டாக்டரின் முகம் மாறியது. பஞ்சு இடம் பெயர்ந்திருந்தது. எலும்பு வர வேண்டிய இடத்தில் சதை வளர்ந்திருந்தது.

"என்னம்மா கடிச்சீங்க?"

"ஒண்ணும் கடிக்கல தாயி. கூழுதான்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. எதையோ பல்லால இழுத்திருக்கீங்க."

அக்கா யோசித்தாள். "பறியத்தான் கவ்வுனேன். தையல் பிரிச்ச ரெண்டாம் நாளே ஏரிக்குப் பூட்டேனே."

"பறின்னா?"

"கூடை" என்றேன் நான்.

"கூடையை எதுக்கும்மா சாப்பிட்டீங்க?"

"அய்ய, யாரு துன்னாங்க? துன்றதுல இன்னான்னா கூடாதுன்னு நீதான சொன்ன. அதுல ஒண்ணத் தொட்டனா? பறி இன்னா தீனியா?"

பறியைப் பற்றிக் கேட்க வேண்டும் என்று எனக்கும் தோன்றியிருக்கவில்லை. எங்கள் ஊரில் பறியைக் கவ்வுவதைக் கடிப்பது என்று எவரும் நினைப்பதில்லை. மூக்கால் மூச்சு விடுகிற மாதிரி அது.

டாக்டர் கோபப்படவில்லை. பறியை எப்படிப் பிடிப்பது என்று செய்து காட்டச் சொன்னார். அக்கா மேஜைமேல் இருந்த துண்டை எடுத்து, கவ்வாமல் உதட்டோரமாக வைத்து, கைகளைக் கீழே துழாவிக் காட்டினாள். டாக்டர் குனிந்து அவள் தாடையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, இன்னொரு முறை வைக்கலாம், ஆனால் பஞ்சைத் தாங்க மிச்சமிருக்கும் எலும்பு மெல்லியது, இதுவும் தவறினால் மூன்றாவது முறை கிடையாது என்றார்.

மறுபடி வைத்தார்கள். அக்கா கரையில் உட்கார்ந்தாள். மழை ஓய்ந்து இறால் நன்றாகப் படுகிற பருவம் அது. பெண்கள் பறியோடு போகும்போது, அவள் வீட்டுக்குள் போய் ஏதாவது பாத்திரத்தைத் தேய்ப்பாள். தேய்த்த பாத்திரத்தையே மறுபடியும் தேய்ப்பாள். பேச்சு குறைந்தது. என்னைத் திட்டுவதுகூடக் குறைந்தபோதுதான் எனக்குக் கலக்கமாகிவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, பறியைக் கையில் எடுத்தேன்.

"இன்னாடா?"

"நீ தடவு. நான் கவ்விக்கினு வர்றேன்."

ஏரியில் இருந்த பெண்கள் எங்களை விட்டுவைக்கவில்லை. "இன்னாக்கா, தம்பிக்கு வாய்ப்பூட்டா?" என்றாள் ஒருத்தி. "படிச்ச பல்லு, உஷாரு!" என்றாள் இன்னொருத்தி. பறி என் வாயில் இருந்ததால் பதில் சொல்ல வழியில்லை. அரை மணியில் தாடை மரத்துப்போனது. உப்புத் தண்ணீர் மூக்கில் ஏறியது. அக்கா இறாலைப் போடும்போது பறி ஆடினால், "ஆட்டாத, கழுத!" என்று தலையில் தட்டினாள். இரண்டு பேர் கலக்கிய சேற்றில் அவள் தனியாகப் பிடிப்பதில் பாதிகூடத் தேறவில்லை.

பேச முடியாததால் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு இறால் விரலில் சிக்கும்போதும் அவளுடைய கீழ்த்தாடை தானாக முன்னால் வந்தது. அங்கே கவ்வ ஒன்றுமில்லை என்பது நினைவு வந்ததும் உதட்டை இறுக்கிக்கொண்டாள்.

பிறகு எடுத்த படத்தில், பஞ்சின் ஓரங்களில் வெண்மை லேசாகப் படர்ந்திருந்தது. "தாது சேர ஆரம்பிச்சிருக்கு. எலும்பாயிடுச்சுன்னு இப்பவே சொல்ல மாட்டேன். ஆனா அசையல" என்றார் டாக்டர்.

"பறி?" என்றாள் அக்கா.

"வேண்டாம்மா. முழுசா எலும்பானாலும், அந்த இழுப்பைத் தாங்குமான்னு எனக்குத் தெரியல. இதுவரைக்கும் யாரும் அப்படி சோதிச்சதில்ல."

ரயில் மீஞ்சூர் வந்தது. இறங்கும்போது அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நாளைக்கு வருவியா?"

"வேலை இருக்குது, அக்கா."

"ஞாயித்துக்கெழம?"

"வர்றேன்."

தினமும் ஏரியில் கிடந்தவள் தலையை ஆட்டி அதற்குச் சம்மதித்தாள்.