சர்க்கரைத் தண்ணீருக்கு வாயை மூடினேன்

ஐந்தாம் வகுப்புதான் படித்தேன். எழுத்து கோணலாக இருக்கும், மறதியும் உண்டு. பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குச் சர்க்கரை வியாதி. டாக்டர் சொன்னபடி ஆவடி குவார்ட்டர்ஸ் மைதானத்தில் நடப்பேன். தவக்காலத்தில் ஒருநாள், ஒருவேளை மட்டும் சாப்பிடும் ஒருசந்தி நோன்பென்று மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றோடு நடந்தேன். கை நடுங்கி, வேர்த்துக் கொட்டி, உட்கார்ந்துவிட்டேன். டீக்கடை செல்வி சர்க்கரைத் தண்ணீரோடு ஓடி வந்தாள்.

"எனக்குச் சர்க்கரை ஆகாதும்மா" என்று வாயை மூடிக்கொண்டேன்.

"இன்னாக்கா, எங்க நைனாவும் இப்டிதான் பல்ல கடிச்சிகினு கெடந்தாரு. உசுரு போனா சுகரு மட்டும் இன்னா பண்ணும்? குடி மொதல்ல!" என்று ஊற்றினாள். மெல்லக் கண் தெளிந்தது. சாப்பிடாமல் மாத்திரை போட்டதில் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிட்டதாம்.

இந்த உடம்போடு மல்லுக்கட்டி அலுத்துவிட்டது. இப்போது சாப்பிடாமல் மாத்திரையும் இல்லை, நடையும் இல்லை. கோயில் பங்குச் சாமியாரும் ஒருசந்தியை விடச் சொல்லிவிட்டார். முந்தானையில் சர்க்கரை முடிந்துகொள்கிறேன். இதெல்லாம் சரிதானா என்று டாக்டர் யாராவது பார்த்துச் சொல்லுங்கள்.