நாற்பத்தொரு பிள்ளைகளின் பட்டியல்

"கொள்கைக் குழுவுக்குச் சம்பளமில்லாம உழைக்க யாரு வர்றீங்க?" என்று மருத்துவர் சங்கத் தலைவர் கேட்டதும், கூடியிருந்த டாக்டர்கள் எல்லாருக்கும் செல்போனில் அவசர வேலை வந்துவிட்டது. கை தூக்கியவள் அவள் ஒருத்திதான். பொதுச் சுகாதார மருத்துவர்கள் நடுவே அவளுக்குப் 'புள்ளி டாக்டர்' என்று பெயர். எத்தனை பேர், எத்தனை நாள் என்று எண்ணிக்கை இல்லாமல் வாயைத் திறக்க மாட்டாள். சட்டமன்றத்துக்கு நாலு கடிதம் எழுதுகிற வேலை என்றுதான் அப்போது நினைத்தாள்.

அவள் குழுவில் சேர்ந்த ஏழாம் மாதம் ஒரு மசோதா வந்தது. பழைய பேட்டரிகளை உருக்கி ஈயம் எடுக்கும் ஆலைகள் பள்ளிகளிலிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்க வேண்டுமாம். குழு ஓர் ஆலையைச் சுற்றி நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகளின் ரத்தத்தைச் சோதித்தது. நாற்பத்தொரு பேருக்கு ஈயம் அளவை மீறியிருந்தது. அந்த ஆலையில் அவள் அண்ணன்தான் உலை மேற்பார்வையாளன். நாற்பத்தொரு பேரில் அண்ணன் மகளும் ஒருத்தி. அண்ணி அவனுக்குத் தெரியாமல் கூட்டிவந்து, "அவருகிட்ட மூச்சு விட்டுடாதே" என்று கையைப் பிடித்துக் கேட்டிருந்தாள்.

மசோதா மீதான சட்டமன்றக் குழு விசாரணைக்கு நாலு நாள் முன்பு அண்ணன் அவள் வீட்டுக்கு வந்தான். உட்காரவில்லை.

"பாப்பா, நீதான் பேசப் போறியாமே?"

"ஆமாண்ணே."

"முந்நூறு குடும்பத்து அடுப்புல தண்ணிய ஊத்தப் போற. என் அடுப்பும் அதுல ஒண்ணு."

"மூடச் சொல்லலண்ணே, தள்ளி வைக்கத்தான்..."

"இடுப்புல வச்சுத் தூக்கிட்டுப் போக உலை என்ன குடமா?"

கதவைப் படாரென்று சாத்திவிட்டுப் போனான். "வேலில போற ஓணான மடியில விட்டுக்கிட்டே" என்றார் கணவர், சிரிக்காமல்.

வேறு யாராவது பேசட்டும் என்று அவள் சங்கத் தலைவரைக் கேட்டாள். "அண்ணன் அங்க இருக்கிறத முதல்லயே சொல்லிடுங்க. ரத்தம் எடுத்தது நீங்க. கேள்வி வந்தா உங்களுக்குத்தான் பதில் தெரியும்" என்றார் அவர்.

விசாரணையில் பேச அவளுக்குக் கிடைத்தது மூன்று நிமிடம். பார்வையாளர் பெஞ்சுகளில் ஆலையின் நீலச் சட்டைகள். முதல் வரிசையில் அண்ணன். அண்ணனைப் பற்றிச் சொல்லிவிட்டுத்தான் பேச்சைத் தொடங்கினாள். பாதியில் ஓர் உறுப்பினர் நீலச் சட்டைகளைக் காட்டிக் குறுக்கிட்டார்.

"இவங்களுக்கும் பிள்ளைங்க இருக்கு, யாரும் புகார் சொல்லலையே! யாரு அந்த நாற்பத்தொரு பேரு? ஒரு பேர் சொல்லுங்க பாப்போம்."

அண்ணன் மகளின் பெயர் நாக்கு நுனியில் வந்து நின்றது. அந்த ஒரு சொல் போதும், எதிர்ப்பக்கம் வாயடைத்துப்போகும். அவள் அதை விழுங்கிக்கொண்டாள்.

"பேர் சொல்ல மாட்டேங்க. என்னை நம்பிக் கைய நீட்டின பிள்ளைங்க. ரத்தத்துல ஈயம் அஞ்சுக்கு மேல போகக் கூடாது. வயசையும் அளவையும் வேணா படிக்கிறேன். நாலு வயசு, பதினெட்டு. ஆறு வயசு, இருபத்திரண்டு..."

மூன்று நிமிட மணி அடித்தது. "படிங்க" என்றார் விசாரணைத் தலைவர். நாற்பத்தொன்றையும் படித்து முடித்தாள்.

நடைபாதையில் அண்ணன் வழிமறித்தான்.

"அந்தப் பட்டியல்ல என் பொண்ணு இருக்காளா?"

"யாரப் பத்தியும் கேக்காதேண்ணே."

"நான் அவ அப்பன்டி!"

"அப்பன்னா நாளைக்கு அவளக் கூட்டிட்டு வா. உன் கண்ணு முன்னாடியே எடுக்கிறேன்."

மறுநாள் வந்தான். முதல்முறை எடுப்பதுபோலவே அவள் அந்தக் குட்டிக் கையிலிருந்து ரத்தம் எடுத்தாள். வாசலில் நின்ற அண்ணியின் முகத்தில் ஈயாடவில்லை. முடிவு வந்தது: இருபத்து நான்கு. அண்ணன் குனிந்து தன் சட்டையைப் பார்த்தான். "நான்தான் ஈயத் தூசியச் சட்டையில ஒட்டவச்சுக் கொண்டாந்தேனா?" என்று கேட்டான். "இனிமே சட்டைய ஆலையிலயே மாத்திட்டு வாண்ணே" என்றாள் அவள்.

மசோதா நிறைவேறியது, தூரம் மட்டும் பாதியாகச் சுருங்கி. பள்ளியிலிருந்து எழுநூறு மீட்டரில் இருந்த அந்த ஆலை தப்பித்துக்கொண்டது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிள்ளைகளுக்கு இலவசப் பரிசோதனை என்ற வரி மட்டும் வெட்டுப்படாமல் பிழைத்தது. வேலை முடிந்ததும் குளிக்க அறையும் மாற்று உடுப்பும் வேண்டுமென்று ஆலையில் கொடுத்த மனுவில் முதல் கையெழுத்துப் போட்டவன் அண்ணன். அதற்குப் பரிசாக மேற்பார்வையிலிருந்து கிடங்குக்கு மாற்றினார்கள். குளியலறை மட்டும் எப்படியோ வந்துவிட்டது.