ஒரே யுபிஎஸ்ஸில் இரண்டு பிளக்

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இதில் பாவம் என்னுடையது.

திருத்தணியில் ஒரு தனியார் மருத்துவமனையில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறேன். எங்கள் சர்வருக்கு இரண்டு பவர் சப்ளை. ஒன்று போனால் மற்றது தாங்க வேண்டும் என்பதால், இரண்டையும் தனித்தனி யுபிஎஸ்ஸில் செருக வேண்டும். ஆடிக் கிருத்திகையன்று வாசலில் முருகன் படத்துக்குப் போட்ட சீரியல் லைட் அணையக்கூடாதென்று ஒரு யுபிஎஸ்ஸை அதற்குக் கொடுத்துவிட்டு, சர்வரின் இரண்டு பிளக்கையும் மற்றதிலேயே செருகினேன்.

மதியம் அந்த யுபிஎஸ் புகைந்து நின்றுவிட, சர்வரும் அணைந்தது. லாரி மோதி வந்திருந்த ஒரு பெரியவரின் ஸ்கேன் திறக்கவில்லை.

"எங்க நைனா செத்துகினு இருக்காரு. கம்ப்யூட்டர் பாக்குறவன் எவன்? காட்டு அவன" என்று அவர் மகன் ரிசப்ஷன் மேசையை உதைத்தான்.

"அவரு இன்னிக்கு லீவுங்க" என்றார் அங்கிருந்த விஜயா அக்கா.

அவன் நாற்காலியைத் தூக்கி அவர் முகத்தில் அடித்தான். உதடு கிழிந்து, பல் ரத்தத்தோடு தரையில் விழுந்தது. நான் பக்கத்து அறைக் கதவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன்.

பெரியவர் பிழைத்துக்கொண்டார். உதட்டில் தையலோடு இருந்த அக்காவிடம் பிளக் விஷயத்தைச் சொல்லி அழுதேன்.

"உன்ன காட்டியிருந்தா கொன்னிருப்பான்டா. தலைக்கு வந்தது பல்லோட போச்சு, விடு" என்றார்.

மறுநாள் நிர்வாகத்திடம் என் தவறை எழுதிக் கொடுத்தேன். அக்கா இப்போதும் வாயைக் கையால் மூடிக்கொண்டுதான் சிரிக்கிறார். அப்போதெல்லாம் நான் முகத்தைத் திருப்பிக்கொள்வதில்லை.