இருட்டறை வாசலில் காதரின் செருப்பு

காதர் இறந்துவிட்டான். மஞ்சள் காமாலை. காலையில் கிளாஸ் குரூப்பில் ஒரே ஒரு வரி. மத்தியானத் தொழுகைக்குப் பிறகு அடக்கம்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தானே... அந்தக் காதர். எம்.எஸ்ஸி. பிசிக்ஸில் என் லேப் பார்ட்னர்.

ராஜபாளையத்தில் எங்கள் டிபார்ட்மென்ட் இருட்டறைக்குத் தாழ்ப்பாள் கிடையாது. வாசலில் செருப்பு கிடந்தால் உள்ளே யாரோ ரீடிங் எடுக்கிறார்கள், கதவைத் தொடக் கூடாது. எழுதி வைக்காத சட்டம்.

கடைசி செமஸ்டர் புராஜெக்டுக்கு அவன் எடுத்துக்கொண்டது ஒளி. அலையா, துகளா. மங்கலான ஒரு விளக்கு, அதை இன்னும் மங்கலாக்கப் புகையேற்றிய கண்ணாடித் துண்டுகள், இரண்டு மெல்லிய பிளவுகள், எதிரே ஒரு பிலிம். மூன்று நாள் இருட்டு.

"ஒளித்துகளு ஒண்ணொண்ணாத்தாம்லே வந்து விழும், பொட்டுப் பொட்டா. ஆனா மூணு நாள் பொறுத்தா கோடு கோடா நிக்கும், அலை மாதிரி. தனியா வாரதுக்கு, எங்க போய் விழணும்னு யாருலே சொல்லுதா?"

"எனக்கு என்ன தெரியும். டீ குடிக்க வாரியா இல்லியா?"

மூன்று நாளும் உள்ளேயே உட்கார முடியாது. செருப்பை மட்டும் வாசலில் விட்டுவிட்டு, வெறுங்காலோடு வீட்டுக்குக் கிளம்பினான். பஸ்ஸில் கண்டக்டர் அவன் காலைப் பார்த்தார். மாலை போட்டவன் என்று நினைத்துவிட்டார்.

"சாமி, எங்க எறங்கணும்?"

"சாமி இல்லண்ணே, காதரு. செருப்பு காலேஜ்ல டூட்டியில இருக்கு."

பஸ்ஸே சிரித்தது. பக்கத்து சீட்டில் நானும்தான்.

இரண்டாம் நாள் மத்தியானம். என் ரெக்கார்ட் நோட்டு இருட்டறையில் கிடந்தது. அன்றே கையெழுத்து வாங்க வேண்டும். காதர் கேன்டீனில் பரோட்டா தின்றுகொண்டிருந்தான். செருப்பு என்றால் ஆள். ஆள் கேன்டீனில். அப்படியானால் உள்ளே யாரும் இல்லை...

செருப்பைத் தாண்டிக் கதவைத் திறந்தேன். பத்து நொடி இருக்கலாம். நோட்டோடு வெளியே வந்து கதவை மூடிய பிறகுதான் உறைத்தது. அந்தச் செருப்பு அவனுக்காகக் கிடக்கவில்லை, பிலிமுக்காக.

மறுநாள் கழுவிப் பார்த்தால், வெளிச்சம் பட்டுப் பிலிம் முழுக்கக் கறுப்பு. கோடும் இல்லை, பொட்டும் இல்லை. மறுபடி செய்ய நாளும் இல்லை.

"ஜன்னல்ல கறுப்புப் பேப்பர் இன்னொரு சுத்து ஒட்டிருக்கணும்லே. எந் தப்புதான்."

பக்கத்தில்தான் நின்றேன். சொல்லவில்லை.

வைவாவில் கேட்டார்கள்... என்ன பார்த்தாய், அலையா, துகளா? "ரெண்டையும் பாக்கல சார். ஜன்னல் வழியா வெளிச்சம் ஒழுகிருச்சு."



பிஎச்.டி.க்கு அவன் அப்ளை பண்ணவே இல்லை. "ஒரு ஜன்னல ஒழுங்கா ஒட்டத் தெரியல, எனக்கு எதுக்குலே ரிசர்ச்சு?" சிரித்துக்கொண்டே சொன்னான். அத்தாவின் கடையில் போய் உட்கார்ந்தான்.

போன வருடம் கண் டெஸ்ட் பண்ண அவன் கடைக்குப் போனேன். மேஜைக் கண்ணாடிக்கு அடியில் அந்தப் பிலிம். இன்னும் வைத்திருந்தான்.

"கிரகணம் பாக்க ஆகும்லே."

என் மூக்கில் அந்தக் கனமான வட்ட பிரேமை மாட்டி, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டான். "இது தெளிவா இருக்கா, இதுவா? பொய் சொல்லாமச் சொல்லு. பொறவு ஒனக்குத்தான் தலை வலிக்கும்."

வாய் வரைக்கும் வந்தது. "ரெண்டாவது" என்றேன்.

இன்று அவன் வீட்டு வாசல் முழுக்கச் செருப்பு. ஐம்பது ஜோடி இருக்கும். கதவு திறந்துதான் இருந்தது. தெருவிலேயே வெகுநேரம் நின்றேன்.

"உள்ள வாங்க தம்பி, மொகத்தப் பாத்துருங்க" என்று அவன் மாமா கூப்பிட்ட பிறகுதான் என் செருப்பைக் கழற்றினேன்.

கதவைத் திறந்தது நான்தான்டா.

போய் வா, காதர். பேப்பரை நீ நன்றாகத்தான் ஒட்டியிருந்தாய்.