ஒட்டினால் உதறு

இந்த ஊரில் யாரும் வாய்விட்டுக் குறை சொல்வதில்லை. சாப்பாட்டுக் கடையில் பக்கத்து மேசைக்காரர் கேட்டது பாலில்லாத டீ, வந்தது பால் டீ. "ஓகே லா" என்று அதையே குடித்துவிட்டுப் போகிறார். எங்கள் தூத்துக்குடியில் சர்க்கரை கொஞ்சம் கூடினாலே மாஸ்டரின் பரம்பரையை இழுத்திருப்பார்கள். மலேசியாவின் ஜொகூருக்கு வந்த புதிதில் இந்த இங்கிதம் எனக்குச் சொர்க்கமாக இருந்தது. அதுவே வேலையில் என்னைக் கவிழ்க்கப் பார்த்தது.

கணினியில் படம் வரையும் மென்பொருளை வடிவமைக்கும் வேலை எனக்கு. அதில் ‘ஸ்நாப்’ என் பொறுப்பு. நகர்த்தும் கோடு இன்னொரு கோட்டை நெருங்கியதும் தானாகப் போய் ஒட்டிக்கொள்ள வேண்டும். எதில் ஒட்டலாம், எதில் கூடாது என்று சொல்ல திரையில் ஒரு பலகை நிறையப் பொத்தான்கள் வைத்திருந்தேன். வெளியாள் ஒருவர் சிரமமில்லாமல் வரைந்து காட்டாவிட்டால் என் வேலை பெர்மிட்டைப் புதுப்பிக்க மாட்டோம் என்பதை மேலாளர் சிரித்தபடியே சொல்லியிருந்தார்.

வெளியாளாகக் கவிதாவைப் பிடித்தேன். பெர்மாஸ் ஜெயாவில் என் வீட்டுக்குக் கீழே ஸ்டிக்கர் கடை வைத்திருப்பவர், லாரிக் கண்ணாடிக்கு வேல் வெட்டித் தருவதில் பேர்போனவர். ஒத்திகையின்போது அவர் வேல் படத்தை நகர்த்த நகர்த்த, அது பக்கத்து எழுத்தில் போய் ஒட்டிக்கொண்டே இருந்தது. எப்படி இருக்கிறது என்றேன். "நல்லாத்தான் இருக்கு அண்ணே" என்றது வாய். கையோ, எறும்பு ஏறியதுபோல் மவுஸை இடமும் வலமும் உதறியது. என் பொத்தான்கள் பக்கம் அவர் திரும்பவே இல்லை. ஊரில் நான் தொழில் பழகிய பேனர் கடையில் குறைகள் தெருமுனைவரை கேட்கும், காது இருந்தால் போதும். இங்கே கையைப் பார்க்க வேண்டும் என்று அன்றுதான் உறைத்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பொத்தான்களைத் தூக்கிக் கடாசினேன். உதறினால் ஒட்டியது விட்டுவிடும், அவ்வளவுதான் என் புதுத் திட்டம்.

சோதனை நாளில் வேல் ஒட்டியது, கவிதா உதறினார், விட்டது. "அலமாக், சொன்ன பேச்சு கேக்குதே" என்று இந்த ஊர்ப் பாணியில் வியந்து சிரித்தார். மேலாளர் "ஓகே லா" என்றார். அது பாராட்டா, இங்கிதமா? அவர் கையைப் பார்த்தேன். கவிதாவிடமிருந்து மவுஸை வாங்கி ஒட்டவிட்டு உதறி, ஒட்டவிட்டு உதறி விளையாடிக்கொண்டிருந்தது. திருப்பித் தருவதாகவும் இல்லை. பெர்மிட் பிழைத்தது என்று எழுந்து குதிக்காத குறை.

அந்தக் குஷியில், என் ஹெல்மெட்டின் பின்பக்கம் ஒட்ட ஊர்ப் பெயர் ஸ்டிக்கர் கேட்டேன். எந்த ஊர் என்றார் கவிதா. பிறந்த ஊர், பிழைக்கும் ஊர் இரண்டையும் போடச் சொன்னேன், ஒரே வரியில்.

"ரெண்டும் வேணும்னா பெருசாயிரும் அண்ணே. பின்னால அடங்காது."

அடங்காவிட்டால் பரவாயில்லை என்றேன். இப்போது இடப்பக்கம் என்னை முந்துபவர்கள் தூத்துக்குடி என்று படிக்கிறார்கள், வலப்பக்கம் முந்துபவர்கள் பெர்மாஸ் ஜெயா என்று. நேர் பின்னால் வருபவருக்கு இரண்டிலும் பாதிப் பாதிதான் தெரியும்.