ஆள்காட்டிக்காகத் தள்ளிவைத்த தண்ணீர்

பெருமாட்டிப் பக்கம் காளிச்சாமி என்ற பெயரில் இரண்டு மூன்று பேர் இருக்கிறார்கள். குருவிக் காளிச்சாமி என்றால் போன தை மாதம் காலமானவர் மட்டும்தான். அந்தப் பட்டம் அவருடைய கடைசிச் சில வருடங்களில் ஒட்டிக்கொண்டது. அதற்கு முன்னால் அவருக்கும் குருவிகளுக்கும் நல்ல உறவு இருந்ததாகச் சொல்ல முடியாது.

முக்கியமாக ஆள்காட்டிக் குருவியோடு. வாலிபத்தில் வீட்டுக்குத் தெரியாமல் கள்ளுக் குடிக்கத் தென்னந்தோப்புக்குள் நுழையும்போதெல்லாம் அது தலைக்கு மேலே சுற்றிச் சுற்றிக் கத்தும். அவருடைய அப்பா அந்தச் சத்தத்தை வைத்தே ஆள் எந்த வரப்பில் போகிறான் என்று கண்டுபிடித்துவிடுவார். அன்றைக்கு வாங்கிய அடிகளுக்கெல்லாம் அந்தக் குருவிதான் பொறுப்பு என்று கல்யாணமான பிறகும் சொல்லிக்கொண்டிருந்தார்.

தரையில் முட்டையிடும் பறவைகளின் கூடுகளில் எது பிழைக்கிறது, எது ஏன் அழிகிறது என்று ஆராயும் செல்வப்பிரியா, ஒரு மாசி மாதம் கோயம்புத்தூரிலிருந்து ஸ்கூட்டரில் வந்து அவருடைய கடலைக்காட்டில் நின்றாள்.

"ஏனுங்கய்யா, உங்க காட்டுல ஆக்காட்டி முட்ட வெச்சிருக்குதுங்க. உழவு ஓட்டறப்ப கொஞ்சம் பாத்து ஓட்டச் சொல்றீங்களா?"

"கூடு எங்க அம்மிணி?"

அவள் காட்டினாள். கூடு என்று ஒன்றும் இல்லை. கூழாங்கற்களுக்கு நடுவே ஒரு சின்னக் குழி, அதில் மண் நிறத்தில் கரும்புள்ளி போட்ட நான்கு முட்டைகள்.

"இத்தன வருசமா என்னையக் காட்டிக் குடுத்துட்டு, என்ற காட்டுலயே குடியிருக்குது பாரு," என்று சிரித்தார்.

சிரித்தாலும் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். ஏற்றுக்கொண்டதைத் தேவைக்கு மேலே செய்வது அவர் குணம். விருந்தில் பரிமாற நிறுத்தினால், சாப்பிட்டு எழுந்தவரையும் இழுத்து உட்காரவைத்து இன்னொரு கரண்டி போடுகிற மனிதர். டிராக்டர்காரன் கண்ணுக்குத் தூரத்திலேயே தெரியவேண்டும், ஊர்க் கண்ணும் படக்கூடாது என்று யோசித்து, ஒரு மண்சட்டியில் கரி பூசி, சுண்ணாம்புப் புள்ளி வைத்து, கழியில் கவிழ்த்துக் கூட்டுக்குப் பக்கத்தில் நட்டுவைத்தார். நல்ல விளைச்சல் நிற்கிற காட்டுக்கு எல்லோரும் செய்வதுதான்.

அடுத்த முறை செல்வப்பிரியா வந்தபோது அந்தச் சட்டிமேல் காக்கை உட்கார்ந்திருந்தது. கீழே குழி காலி. ஒரு முட்டை ஓடு மட்டும் பிளந்து கிடந்தது.

"சட்டி வெச்சது நீங்களாங்கய்யா?"

"ஆமா அம்மிணி. கண்ணுப்படக் கூடாதுன்னு."

அவள் கோபப்படவில்லை. "நாங்களும் மொதல்ல குச்சி நட்டுத்தான் அடையாளம் வெச்சோங்க. காக்காய்க்கு உக்கார எடம் கெடச்சா போதும், கீழ இருக்கறத பாத்துரும். இப்ப எதையும் நடறதில்லீங்க."

அன்று மத்தியானம் பாதிச் சோற்றிலேயே எழுந்துவிட்டார். மனைவி பொன்னாத்தாள் என்ன என்று கேட்டதற்கு, "காக்காய்க்கு நானே முக்காலி போட்டுக் குடுத்திருக்கறேன் புள்ள," என்றார்.

கொஞ்ச நாளில் அதே காட்டின் நடுவில் ஆள்காட்டி மறுபடியும் முட்டை வைத்தது. இந்த முறை குஞ்சு பொரித்தே ஆகவேண்டும் என்று காளிச்சாமி மனதில் வைத்துக்கொண்டார். வரப்போரத்து வேம்படியில் குடையோடு உட்கார்ந்து தூரத்திலிருந்தே பார்ப்பார். உச்சிவெயிலில் குருவி எங்கேயோ போய் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து, அந்த ஈரத்தோடு முட்டைகள்மேல் உட்காருவதை அப்போதுதான் கவனித்தார்.

"நான் ரெண்டு பெத்தப்ப ஆஸ்பத்திரி வாசலோட நின்ன மனுசன், குருவிப் பேறுகாலத்துக்குக் காவல் நிக்கறாரு," என்றாள் பொன்னாத்தாள்.

இதற்குள் வாய்க்காலில் தண்ணீர் விட்டுவிட்டார்கள். ஆளுக்கொரு முறை. தண்ணீர் பாய்ச்சினால்தான் காடு பதப்பட்டு உழவு ஓட்ட முடியும், பாய்ச்சினால் முட்டைகள் மூழ்கிவிடும். காளிச்சாமி தனக்குப் பிறகு, கடைசி முறை வைத்திருந்த பக்கத்துக் காட்டுப் பூபதிராஜாவிடம் போய் மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டார்.

"எனக்கென்ன மாமா, சந்தோசமா மாத்திக்கறேன். ஆனா கடைசில தண்ணி நின்னுபோச்சுன்னா என்னைய வந்து திட்டப்படாது. குருவியத்தான் கடல போடச் சொல்லோணும்."

"சொல்றேன், நீ தண்ணியப் பாச்சு."

பூபதிராஜா பாய்ச்சி முடித்து, தண்ணீர் காளிச்சாமியின் மடைக்கு வந்த காலையில், குழி காலியாகக் கிடந்தது. மண்வெட்டியை வரப்பில் ஊன்றினார். பிறகு மடையைத் திறக்காமல் செல்வப்பிரியாவுக்குப் போன் செய்தார். "இதையும் காக்கா கொண்டுபோயிருச்சாட்ட இருக்குது அம்மிணி."

அவள் வந்து சேரும்வரை தண்ணீர் வாய்க்காலோடு சும்மா ஓடிக்கொண்டிருந்தது. வந்தவள் மண்டியிட்டு, குழிக்குள் இருந்த கற்களை நகத்தால் ஒவ்வொன்றாக விலக்கினாள். அடியில் கிடந்ததை விரல்நுனியில் ஒற்றி எடுத்துக் காட்டினாள். அரிசிக் குருணை மாதிரி ஓட்டுப் பொடி.

"காக்கா தின்னிருந்தா பெரிய ஓடா கெடக்குங்கய்யா. பொரிஞ்சா பெரிய ஓட்டத் தாய்க்குருவி தூக்கிட்டுப் போயிரும். இந்தப் பொடிதான் மிஞ்சும். குஞ்சு பொரிச்சாச்சுங்க."

காளிச்சாமி துண்டால் முகத்தைத் துடைத்தார். "அப்ப குஞ்சு எங்க?"

"இந்தக் காட்டுலதான் எங்கியாச்சும் படுத்திருக்குங்க. பொரிஞ்ச அன்னிக்கே நடக்கும். ஆனா ஆளக் கண்டா மண்ணோட மண்ணா ஒட்டிக்கும், தண்ணி வந்தாலும் எந்திரிக்காது."

எங்கே என்று கண்டுபிடிக்க, அப்பா செய்த மாதிரி குருவிச் சத்தத்தை வைத்துப் பார்ப்பது ஒன்றே வழி. அவர் மேற்கு வரப்பிலிருந்து மெதுவாகக் கிழக்கே நடந்தார். பாதிக் காடு தாண்டும்வரை குருவி தூரத்தில் நின்று முனகியது. கிழக்கு ஓரத்துப் பனைமரத்தை நெருங்கியதும் குருவிகள் ஜோடியாக எழும்பி, தலைமுடியில் இறக்கை உரசுகிற மாதிரி பாய்ந்து பாய்ந்து கத்தின. அவர் காலடிக்குக் கொஞ்சம் முன்னால், கூழாங்கல் என்று நினைத்த ஒன்றுக்குக் கண் இருந்தது. அப்படியே நின்று, பின்வாங்கினார்.

காட்டின் நடுவே ஒரு வரப்பு இழுத்து, மேற்குப் பாதிக்கு மட்டும் மடையைத் திறந்தார். அது நிரம்பிய சாயங்காலம் வாய்க்காலில் தண்ணீர் நின்றுபோனது. அந்த விதைப்புப் பட்டத்தில் அவர் பாதிக் காட்டில்தான் கடலை போட்டார். பொன்னாத்தாள் அதை ஆடி வரைக்கும் சொல்லிக் காட்டினாள்.

தண்ணீர் நின்ற அன்றைக்கு மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பியவரைக் குருவி விடவில்லை, பின்னாலேயே வந்து கத்தியது. "திட்டு, திட்டு. சட்டி வெச்சவன் நாந்தான்," என்றார். பனைமரத்து வரப்பு வழியாகப் போனால் வீடு பக்கம். அவர் மேற்கே சுற்றிக்கொண்டு, ஈர மண்ணில் கால் புதையப் புதைய நடந்துபோனார்.