அக்கா கீறிய கேசட் பிளேயர்

அக்காவுக்கு அந்தக் கேசட் பிளேயரை வாங்கிக் கொடுத்தவன் நான். எண்பதுகளின் தொடக்கம் அது. பெல்ட்டில் மாட்டிக்கொண்டு, காதில் ஹெட்போன் வைத்துக்கொண்டு, நடந்தபடியே பாட்டுக் கேட்கும் பெட்டி அப்போதுதான் பினாங்குக் கடைகளுக்கு வந்திருந்தது. சூலியா தெருவில் ஒரு கடையின் கண்ணாடிக்குப் பின்னால் அதைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு அதன் மேல் ஒரு கண். கருநீல நிறம், ஓரமெல்லாம் பளபளவென்று வெள்ளிக் கோடு. கைக்குள் அடங்கிவிடும்.

ஆனால் நான் வாங்கியது பாட்டுக் கேட்பதற்காக அல்ல.

நாங்கள் பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில், பட்டர்வொர்த்தில் குடியிருந்தோம். அப்பா போன பிறகு வீட்டில் அம்மா, அக்கா, நான் மூன்று பேர்தான். நான் பட்டர்வொர்த்திலேயே ஒரு சரக்குக் கிடங்கில் வேலை பார்த்தேன். அக்கா தினமும் கடலைக் கடக்கும் ஃபெரிக் கப்பலில் ஏறி, தீவிலிருந்த ஜார்ஜ் டவுனுக்குப் போய் ஒரு கப்பல் ஏஜென்சியில் டைப்பிஸ்டாக இருந்தாள். மேனேஜருக்கு ஸ்டெனோ வேண்டியிருந்தது. அக்கா சுருக்கெழுத்து கற்றவள்தான், ஆனால் அப்பாவின் நோய்க்காலத்தில் பாதியில் விட்டுவிட்டாள். இருந்தாலும் பரீட்சைக்குப் போய் உட்கார்ந்தாள். மேனேஜர் சொல்லச் சொல்ல, இவள் பின்னால் ஓடி, கடைசிப் பத்தியை முழுவதுமாக விட்டுவிட்டாள். “டைப்பிங் அருமை. டிக்டேஷனுக்கு வேகம் போதாது. அடுத்த முறை பார்க்கலாம்” என்று அவர் மரியாதையாகச் சொல்லி அனுப்பினார். அந்த முறை அந்த வேலைக்கு யாரும் தேறவில்லை.

அன்று மாலை அக்கா அழவில்லை. சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்: “டேய், யாராவது எனக்குத் தினமும் வாசிச்சுக் காட்டினா வேகம் வந்துரும். யாரு இருக்கா? நீ வீட்டுக்கு வந்தா தூங்கிடறே.”

எனக்கு அந்தக் கருநீலப் பெட்டி நினைவுக்கு வந்தது. மாதக் கடைசியில் வாங்கிக்கொண்டு வந்தேன்.

வீட்டில் பெரிய கேசட் ரேடியோ ஒன்று இருந்தது. அதில் பதிவு செய்யலாம். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து ஆங்கிலப் பத்திரிகையின் கப்பல் செய்திகளையும் தலையங்கங்களையும் வாசித்துப் பதிந்தேன். முதல் கேசட்டில் நிதானமாக, அடுத்ததில் கொஞ்சம் வேகமாக, மூன்றாவதில் மூச்சு வாங்க. பின்னணியில் அம்மா அம்மியில் அரைக்கும் சத்தமும், பக்கத்து வீட்டுச் சேவலும் சேர்ந்து பதிந்துவிட்டன. அக்கா அதையும் கேட்டுச் சிரித்தாள். “நல்லதுதான்டா. ஆபீஸ்ல மட்டும் சத்தமில்லாமலா இருக்கு?”

அவளுடைய பயிற்சிக்கூடம் ஃபெரி. காலையில் போகும்போதும் மாலையில் வரும்போதும் மேல்தளத்தில் கம்பி ஓரமாக நின்றுகொள்வாள். உட்கார இடம் கிடைத்தாலும் உட்கார மாட்டாள், உட்கார்ந்தால் பக்கத்தில் யாராவது பேச்சுக் கொடுப்பார்கள் என்பாள். காதில் ஆரஞ்சு நிற நுரைப்பஞ்சு வைத்த ஹெட்போன், இடது கையில் குறிப்புத்தாள், வலது கையில் பென்சில். கப்பல் ஆடும், எஞ்சின் உறுமும், காற்று தாளைத் தூக்கும். இவள் எழுதிக்கொண்டே இருப்பாள். பிளேயர் மட்டும் பெல்ட்டில் தொங்கியபடி, கப்பல் அசையும்போதெல்லாம் இரும்புக் கம்பியில் போய்த் தட்டும்.

முதல் வாரத்திலேயே வெள்ளி ஓரத்தில் கோடு விழுந்துவிட்டது.

“அக்கா, என்னக்கா இது? நீ எடுத்துட்டுப் போக ஆரம்பிச்சு ஒரு வாரம்கூட ஆகலலா! அதுக்குள்ள கீறலா?”

“எங்கே?”

அதுவரை அவள் அதைக் கவனிக்கவே இல்லை. காட்டிய பிறகும் கண்ணைச் சுருக்கித் தேடினாள். “இதுவா? டேப் ஓடுதுல்ல, அது போதும்.”

உண்மையைச் சொல்ல வேண்டும். அந்தப் பெட்டிகள் மிகச் சுலபமாகக் கீறிக்கொள்ளும். நகம் பட்டால் போதும். அக்காவின் கைப்பையிலோ வீட்டுச் சாவிக்கொத்து, சில்லறை, மடக்குக் குடை, சாப்பாட்டு டப்பா எல்லாம் இருந்தன. மாதம் ஒன்றாவதற்குள் மூலைகளில் நீலம் உதிர்ந்து உள்ளிருந்த வெண்மை எட்டிப் பார்த்தது. டேப் சுற்றுவது தெரியும் சின்னச் சன்னல், பனி படிந்த மாதிரி மங்கிவிட்டது. நான் என் பழைய ஜீன்ஸை வெட்டி அம்மாவிடம் கொடுத்து ஓர் உறை தைக்கச் சொன்னேன். அக்கா இரண்டு நாள் போட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

“பட்டன் தெரியலடா. ஒரு வார்த்தை விட்டுப்போனா உடனே நிறுத்தணும், பின்னால சுத்தணும். பார்க்காம விரல் அங்க போகணும். உன் உறையைக் கழட்டறதுக்குள்ள ஃபெரி கரைக்கு வந்துருது.”

அவள் சொன்னது சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் என் மனம் ஆறவில்லை. தோலில் செய்த உறை, பட்டன்களுக்கு மட்டும் ஓட்டை விட்டது, சூலியா தெருவில் கிடைக்கும் என்று யாரோ சொன்னார்கள். ஒரு சனிக்கிழமை அக்காவையும் அழைத்துக்கொண்டு கிளம்பினேன்.

அன்று ஃபெரியில் நல்ல கூட்டம். கரை நெருங்கியதும் எல்லோரும் ஒரே நேரத்தில் படிக்கட்டை நோக்கி நகர்ந்தார்கள். அக்கா கடைசி வாக்கியத்தை எழுதி முடித்துவிட்டு இறங்க வந்தாள். பின்னால் வந்தவருடைய கூடை இடித்தது. பெல்ட்டிலிருந்த கொக்கி கழன்றது. பிளேயர் இரும்புப் படிகளில் டங், டங் என்று குதித்துக் குதித்துக் கீழே போனது. ஹெட்போன் வயர் பிடுங்கிக்கொண்டு அக்காவின் கழுத்தில் தொங்கியது.

நான் ஓடிப்போய் எடுத்தேன். மூடியின் ஒரு பக்கக் கீல் உடைந்திருந்தது. முன்பக்கத்தில் சன்னலுக்குக் குறுக்கே ஆழமான ஒரு வெட்டு. என் முகம் எப்படி இருந்ததோ தெரியவில்லை, அக்கா என் தோளைத் தட்டினாள். பிறகு வயரைச் சொருகி, மூடியைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்து, பட்டனைத் தட்டினாள். கொஞ்ச நேரம் கேட்டாள். அவள் முகம் மலர்ந்தது.

“நீ இன்னும் பாமாயில் ஏற்றுமதி பத்திப் பேசிக்கிட்டுத்தான் இருக்கேடா!”

படியில் நின்றுகொண்டே இருவரும் சிரித்தோம். பின்னால் இருந்தவர்கள் நகரச் சொல்லி அதட்டினார்கள்.

கடையில் அதை மேசைமேல் வைத்தேன். கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது ரொம்பப் பழைய சாமான்லா தம்பி. எங்க வாங்கினீங்க?”

“உங்ககிட்டதான் அண்ணே. அஞ்சாறு மாசம்தான் ஆகுது.”

அவர் அக்காவைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், மறுபடியும் அக்காவைப் பார்த்தார். “தங்கச்சி, இதை வச்சுத் தேங்காய் உடைச்சீங்களா?”

ஹெட்போனைக் காதில் வைத்துக் கேட்டவர் வியந்துபோனார். சத்தத்தில் இழுப்பு இல்லை, நடுக்கம் இல்லை. “மேல்தான் போயிருக்கு, உள்ள ஒண்ணும் ஆகல” என்று சொல்லி, அகலமான ரப்பர் பட்டை ஒன்றை எடுத்து மூடியைச் சுற்றிப் போட்டுக் கொடுத்தார். தோல் உறையும் காட்டினார். அக்கா விரலை விட்டுப் பார்த்து, வேண்டாம் என்று தலையாட்டினாள். நானும் வற்புறுத்தவில்லை. அத்தனை படிகளில் விழுந்த பிறகும் என் குரலை நிறுத்தாத பெட்டிக்கு இனி எதற்கு உறை என்று தோன்றிவிட்டது. அதைச் செய்தவர்கள் மேல்பூச்சில் மிச்சம் பிடித்திருக்கலாம், மோட்டாரில் பிடிக்கவில்லை.

அதற்குப் பிறகு அக்காவின் வேகம் என்னால் தாக்குப்பிடிக்க முடியாததாகிவிட்டது. “இன்னும் வேகமா வாசி” என்பாள். வாசித்து நாக்குக் குழறும். குழறியதையும் அவள் சரியாக எழுதிவைத்து எனக்கே படித்துக் காட்டுவாள்.

மறுமுறை பரீட்சை வைத்தபோது இரண்டு பேர். ஒருத்தி அக்கா. இன்னொருத்தி அதே ஆபீஸில் இருந்தவள், கல்லூரியில் சுருக்கெழுத்தை முறையாகப் படித்துச் சான்றிதழ் வாங்கியவள், நல்ல பெண். மேனேஜருக்கு அன்று தொண்டை கட்டியிருந்தது. சன்னலுக்கு வெளியே லாரியிலிருந்து இரும்புத் தகடு இறக்கிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண் “சாரி சார், இன்னொரு தடவை சொல்லுங்க” என்று கேட்க வேண்டியதாயிற்று. அக்கா தலை நிமிரவே இல்லையாம். ஃபெரி எஞ்சினுக்கும் காற்றுக்கும் நடுவில் என் உளறலைப் பிடித்து எழுதியவளுக்கு அந்த அறை அமைதியான இடமாகத் தெரிந்திருக்கிறது. எழுதியதை டைப் அடித்து நீட்டினாள். மேனேஜர் படித்துவிட்டு, “நான் சொன்னதைவிட நல்லா இருக்கே” என்றாராம்.

ஸ்டெனோ வேலை அக்காவுக்குக் கிடைத்தது. செய்தியைச் சொல்ல ஆபீஸிலிருந்து என் கிடங்குக்கு ஃபோன் செய்தாள். “கிடைச்சிருச்சுடா” என்ற ஒரே வார்த்தைதான். நான் ஃபோனைப் பிடித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டேன். என் சூப்பர்வைசர் என்னவோ ஏதோ என்று நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்காரவைத்தார்.

புது வேலையில் சேர்ந்த மாதம், அந்தச் சான்றிதழ்ப் பெண் அக்காவிடம் வந்து, எப்படிப் பழகினீர்கள் என்று கேட்டாள். அக்கா கைப்பையிலிருந்து பிளேயரை எடுத்து, மூன்றாவது கேசட்டோடு சேர்த்து அவள் கையில் வைத்தாள். அதன் மோசமான தோற்றத்தைப் பார்த்து அந்தப் பெண் தயங்கினாளாம்.

“பயப்படாம எடுத்துக்கிட்டுப் போ. எங்க வேணும்னாலும் வச்சுக்க, இதுக்கு மேல கீற இடமில்ல. ஒண்ணு மட்டும். உள்ள வாசிக்கிறது என் தம்பி. இங்கிலீஷ் கொஞ்சம் அப்படி இப்படி இருக்கும், மன்னிச்சுக்க.”

மறுவாரம் ஒரு வேலையாக ஃபெரியில் போனபோது அந்தப் பெண்ணைப் பார்த்தேன். ரப்பர் பட்டை போட்ட கருநீலப் பெட்டியை வைத்துத்தான் அடையாளம் கண்டேன். என்னை அவளுக்குத் தெரியாது. கம்பி ஓரத்தில் நின்று, ஹெட்போனை ஒரு கையால் காதோடு அழுத்திக்கொண்டு, உதடு அசைய எழுதிக்கொண்டிருந்தாள்.